சம்பவ தேதி

செவ்வாய் காலை ஏழு நாற்பது.
டெட்ராய்ட் அலுவலகத்தில் விளக்குப் போடும் முன்பே
பதிவுக் கருவியில் சிவப்பு மினுங்கியது.
மூன்று செய்திகள்.
மூன்றும் ஒரே எண்ணிலிருந்து.

முதலாவது, சனிக்கிழமை மாலை:
"என் பெயர் ரோவீனா கட்ரோ.
சூ கப்பல் மதகில் வேலை. பதினோரு குளிர்காலம்.
இன்று நாற்பத்தைந்தாவது நாள் என்று நினைக்கிறேன்.
யாராவது எடுங்கள்."

இரண்டாவதில் பேச்சில்லை. காற்று.
தூரத்தில் பனி உடைக்கும் கப்பல் ஒன்று.

மூன்றாவதில் அதே பெயர், எழுத்தெழுத்தாக.
தப்பாக எழுதிக்கொள்பவர்களோடு
வாழ்நாளெல்லாம் பேசிய பழக்கம்.

நான் வழக்கறிஞன் இல்லை. நீதிபதியும் இல்லை.
கேட்பவன். கேட்டதைக் குறித்துக்கொள்பவன்.
அடப்பாவமே என்று சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை.
படிவத்தின் நான்காம் கட்டத்துக்கு
என்னிடமிருந்து ஒன்று மட்டும் வேண்டும்:
சம்பவ தேதி.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.
எந்த நாள், என்றேன்.

எதைச் சொல்ல, என்றார்.
டர்க் ஹேமிங்கா என் பின்னலைப் பார்த்து
"சடங்குக்கா, ஷிஃப்டுக்கா?" என்றது மே மாதம்.
சிரித்தவர்கள் நான்கு பேர்.
என்னையும் சேர்த்தால் ஐந்து.
என் பெயர் இரவு ஷிஃப்டுக்கு இறங்கியது ஆகஸ்டில்.
ஏன் என்று கேட்டேன்.
"உங்கள் ஆட்களோடு நதி இரவில்தானே பேசும்?"
நேர்காணல் ஒன்பது நிமிடம். அது அக்டோபர்.
மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்கு என்ற கடிதம்
டிசம்பர் மூன்று.
அதன் அர்த்தம் எனக்கு எட்டியது
கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பாத்திரம் கழுவும்போது.
தட்டு ஒன்றும் உடையவில்லை.
குழாயை மூட மறந்து நின்றேன், அவ்வளவுதான்.
இதில் எதை எழுதப்போகிறீர்கள்?

டிசம்பர் மூன்று என்று எழுதினேன்.
மற்றதெல்லாம் 'பின்னணி' என்ற பத்திக்குள் போனது,
குழாய்த் தண்ணீர் தவிர.
அதற்கு எங்கும் இடமில்லை.

நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன்.
ஞாயிறும் நாள்தான். கிறிஸ்துமஸும் நாள்தான்.
காய்ச்சலில் கிடந்த நான்கும் நாள்தான்.
நாற்பத்தைந்து, சனிக்கிழமையில் போய் விழுந்தது.

விடுமுறையில் விழும் கெடு
அடுத்த வேலை நாள்வரை கெடாது.
சனி. ஞாயிறு. பிறகு திங்கள்:
நீதி கேட்டு நடந்த ஒருவரின் பிறந்தநாளுக்கு
அரசாங்கம் கதவடைத்துக்கொள்ளும் நாள்.
பூட்டிய கதவு
இவருக்கு மூன்று நாள் கொடுத்திருந்தது.

"இன்றுதான் கடைசி. வந்துவிட்டீர்கள்" என்றேன்.
இதைச் சொல்ல எனக்கு அனுமதி உண்டு.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு,
நான் கேட்காததைச் சொன்னார்.

போன வியாழன் நள்ளிரவு மதகை மூடினோம், வசந்தம்வரை.
தாது ஏற்றிய கப்பல் ஒன்று நாற்பது நிமிடம் தாமதம்.
கேப்டன் ரேடியோவில் கெஞ்சினான்.
ஆளில்லாத கப்பலா, குடும்பம் இருக்கிறது என்றான்.
விதி, என்றேன்.
விதி, என்றான் அவனும்.
நான் சொன்ன விதி வேறு, அவன் சொன்னது வேறு.
வந்த வழியே டுலூத்துக்குத் திரும்பிப் போனான்.
பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே
என் நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

அடுத்தது என்ன, என்றார்.
முப்பது நாள் என் கையில். இருதரப்பும் கேட்பேன்.
தீராவிட்டால் ஒரு நோட்டீஸ் வரும்.
அது கைக்கு வந்த நாளிலிருந்து
பதினைந்து நாளுக்குள் நீங்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

"பதினைந்து. வேலை நாளா, வெறும் நாளா?"

வெறும் நாள்.

பேனாவை உதறும் சத்தம்.
மை உறைந்திருக்க வேண்டும்.
இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினார்.
நான் காத்திருந்தேன்.